‘கெட்’ என்ற ஒரே சொல்லை ருமேனியருக்கு எப்படி விளக்குவது?

நீங்கள் கேட்டது இதுதான். ருமேனியாவின் கிளூஜ் நகர அலுவலகத்தில் உங்களோடு வேலை பார்க்கும் ருமேனிய நண்பர்கள் நன்றாகவே ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆனால் ‘கெட்’ என்ற சொல் வந்தால் மட்டும் தடுமாறுகிறார்கள். அகராதியைப் பார்த்து 30 பொருள்களை வரிசையாக எழுதிக் கொடுத்தீர்கள். அடுத்த வாரமே அந்தத் தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. மறுபடியும் ‘ஐ அப்டெய்ண்ட் எ காபி’ என்கிறார்கள். இந்தச் சொல்லை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

திமிஷ்வாரா நகரில் 6 ஆண்டுகள் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். முதல் ஆண்டு நானும் அப்படி ஒரு பட்டியலைத்தான் கையில் கொடுத்தேன். அது உதவவில்லை. ‘கெட்’டுக்குள் 30 பொருள் அடைந்து கிடக்கின்றன என்று பட்டியல் சொல்கிறது. என் கணக்கில் உள்ளே இருப்பது ஒன்றுதான்: முன்பு இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்வது. கடிதம் கைக்கு வந்து சேரலாம், ஆள் வீட்டுக்கு வந்து சேரலாம், மனம் கோபத்துக்கு வந்து சேரலாம். எது எங்கே வந்து சேர்ந்தது என்பதை ‘கெட்’டுக்குப் பின்னால் நிற்கும் சொல் சொல்லிவிடும். அதனால் ‘கெட்’டை முறைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, அடுத்த சொல்லைப் பார்க்க அவர்களைப் பழக்குங்கள்.

இன்னொன்று, விளக்கத்தை ருமேனிய மொழிக்குள்ளிருந்தே தொடங்குங்கள். அதற்கான வாசல்கள் அந்த மொழியில் திறந்தே கிடக்கின்றன. தமிழ் பேசுகிற உங்களுக்கு அந்த வாசல்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கண்ணில் படும். எப்படி என்று சொல்கிறேன். (ருமேனியச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தருகிறேன். அவர்களுக்கு ஒரு விசேஷ உயிரொலி உண்டு, நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் நிற்பது; அதை இகரமாக எழுதியிருக்கிறேன்.)

என் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஜனவரி மாதம், வெளியே பனி. ஒரு பெண்மணி தாமதமாக வந்து ‘ஐ காட் எ கோல்ட்’ என்றார். வகுப்பிலிருந்த எல்லோரும் அவரைச் சளிக்கு மருந்து சாப்பிடச் சொன்னார்கள். அவர் சொல்ல வந்தது வேறு: பேருந்து நிறுத்தத்தில் நின்று குளிரெடுத்துவிட்டது, அவ்வளவுதான். ‘ஐ காட் கோல்ட்’ என்றிருக்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன ‘எ’ நுழைந்ததில் குளிர் சளியாகிவிட்டது. ‘எ’ இருந்தால் பின்னால் நிற்பது ஒரு பெயர்ச்சொல், ஒரு பொருள்; அது ஆளிடம் வந்து சேர்கிறது. ‘எ’ இல்லாவிட்டால் பின்னால் நிற்பது ஒரு தன்மை. ஆள் அந்தத் தன்மைக்குப் போய்ச் சேர்கிறார்.

இதை நான் கரும்பலகையில் ஆங்கில இலக்கணமாக எழுதியபோது யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு ருமேனியத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். குளிரெடுத்தது என்பதற்கு அவர்கள் ‘மி ஸா ஃபகூத் ஃப்ரிக்’ என்பார்கள். சளி பிடித்தது என்பதற்கு ‘அம் ரச்சீத்’. இரண்டும் அவர்கள் காதுக்கு முற்றிலும் வேறு வேறு. இனி ‘ஐ காட் கோல்ட்’ என்றால் முதலாவது, ‘எ’ வந்தால் இரண்டாவது என்று சொன்னதும் அந்தப் பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றுதான் பட்டியலைக் கைவிட்டேன்.

அந்த முதல் வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ‘மி’ என்றால் எனக்கு. ‘ஸா ஃபகூத்’ என்றால் ஆகிவிட்டது. ‘ஃப்ரிக்’ என்றால் குளிர். எனக்குக் குளிராகிவிட்டது. நாம் பேசுவது போலவே இல்லையா? ‘ம்யே ஃப்வாமே’ என்றால் எனக்குப் பசி. ‘ம்யே ஸேதே’ என்றால் எனக்குத் தாகம். ஆங்கிலத்தில் ‘நான்’ பசியாக இருக்கிறேன்; ருமேனியத்திலும் தமிழிலும் பசி எனக்கு வருகிறது. ஐரோப்பாவின் கிழக்கு மூலையில், லத்தீனிலிருந்து வந்த ஒரு மொழி நம்மைப் போலவே நான்காம் வேற்றுமையில் பசியையும் குளிரையும் சொல்கிறது என்பதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு மிகுந்த சந்தோஷமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ருமேனியருக்கு வரும் சிக்கலை நம்மால் உள்ளிருந்து உணர முடியும். ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் ‘நான்’ என்று தொடங்க வேண்டும். ‘மி ஸா ஃபகூத் ஃப்வாமே’ (எனக்குப் பசி வந்துவிட்டது) ஆங்கிலத்தில் ‘ஐ காட் ஹங்ரி’. பசி எழுவாயாக இருந்த இடத்தில் ஆள் வந்து உட்காருகிறார். வினைச்சொல் ‘ஆகிவிட்டது’ என்பதிலிருந்து ‘காட்’டுக்கு மாறுகிறது. இதை ஒரு தனிப் பாடமாகவே வையுங்கள்: ‘மி ஸா ஃபகூத்’ என்று தொடங்கும் வாக்கியங்களை அவர்களே சொல்லட்டும். குளிர், பசி, தாகம், தூக்கம், பயம். எல்லாமே ‘ஐ காட்’ ஆகும். அதில் கடைசியாக ஒன்றைச் சேர்ப்பார்கள், கட்டாயம் சேர்ப்பார்கள்: ‘மி ஸா ஃபகூத் தோர் தெ காஸ’. வீட்டு நினைவு வந்துவிட்டது. ‘தோர்’ என்ற சொல்லின் மேல் அவர்களுக்குப் பெரிய பற்று. ஏக்கம், பிரிவு, விருப்பம் எல்லாம் அதில் அடங்கும். ‘ஐ காட் ஹோம்சிக்’ என்று மொழிபெயர்க்கும்போது ‘இது அவ்வளவு ஆழமாக இல்லையே’ என்பார்கள். சரிதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஆங்கிலம் அங்கே சற்று மேலோட்டமானது.

ஆளில்லாத வாக்கியங்களும் உண்டு. ‘ஸா ஃபகூத் திர்ஸியு’ என்றால் நேரமாகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘இட் காட் லேட்’. ‘ஸே இன்தூனெக்க’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’. இங்கே கவனிக்க வேண்டியது அந்த ‘ஸே’. இது ருமேனிய மொழியின் தற்சுட்டு, அதாவது ‘தன்னை’ என்பது போன்ற சொல். அவர்களின் ‘ஃபாச்சே’ என்றால் செய். அதே வினையோடு ‘ஸே’ சேர்ந்தால் ஆகு. செய்வதற்கும் ஆவதற்கும் அவர்களுக்கு ஒரே வேர்தான்.

‘ஸே’யும் ‘கெட்’டும் எங்கே சந்திக்கின்றன என்பதை அவர்களுக்குக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ‘ஸே இங்க்ரஷா’ (குண்டாவது), ‘ஸே இம்போகத்ஸி’ (பணக்காரனாவது), ‘ஸே இம்போல்னவி’ (நோய்வாய்ப்படுவது), ‘ஸே ஸுபரா’ (கோபித்துக்கொள்வது) என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ருமேனியத்தில் தனித்தனி வினை இருக்கிறது. பலவற்றின் முன்னால் ‘இன்’ அல்லது ‘இம்’ என்ற முன்னொட்டு நிற்கும். அந்த நிலைக்குள் போவது என்று அர்த்தம். ஆங்கிலம் இந்த வினைகளை எல்லாம் உருவாக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ‘கெட்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டு பின்னால் ஃபேட், ரிச், சிக், அப்செட் என்று மாற்றிக்கொண்டே போகிறது. இதைச் சொன்னவுடன் ருமேனியர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எங்கள் மொழியில் நூறு வினை மனப்பாடம் செய்தோமே, ஆங்கிலத்தில் ஒன்று போதுமா என்பார்கள்.

கல்யாணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ருமேனியத்தில் ஆண் மணம் முடித்தால் ‘ஸே இன்சுரா’, பெண் மணம் முடித்தால் ‘ஸே மரிதா’. முதல் சொல்லுக்குள் லத்தீனின் ‘உக்ஸோர்’, அதாவது மனைவி, மறைந்திருக்கிறாள், இரண்டாவதில் கணவன். இருபாலருக்கும் பொதுவாக ‘ஸே கஸதோரி’ என்று மூன்றாவது ஒன்றும் உண்டு; அதற்குள் இருப்பது ‘காஸ’, வீடு. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘கெட் மேரிட்’ ஒன்றே. இதைச் சொல்லும்போது வகுப்பு கலகலப்பாகிவிடும். பாட்டி எந்தச் சொல்லைப் பயன்படுத்துவார், தான் எதைச் சொல்கிறேன் என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். பேச விடுங்கள். ஒரு சொல்லைச் சுற்றி அவ்வளவு பேச்சு நடந்தால் அது மறக்காது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘ஸே’ வந்த இடமெல்லாம் ‘கெட்’ வராது. ‘ம துக்’ (போகிறேன்), ‘ம உயித்’ (பார்க்கிறேன்), ‘ம கின்தெஸ்க்’ (யோசிக்கிறேன்) இவற்றிலும் தற்சுட்டு உண்டு (‘நான்’ பேசும்போது ‘ஸே’ ‘ம’ ஆகிவிடும்), ஆனால் எந்த நிலையும் மாறவில்லை. அதனால் ‘கெட்’டுக்கு இடமில்லை. ‘இந்த வாக்கியத்துக்கு முன்னால் இருந்த ஆள் வேறு, பின்னால் இருக்கும் ஆள் வேறா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். ஆமாம் என்றால் ‘கெட்’. அதேபோல மறுபக்கமும்: ‘இம்பத்ரினி’ (வயதாவது), ‘ஸ்லபி’ (மெலிவது) இரண்டிலும் ‘ஸே’ இல்லை, ஆனால் மாற்றம் இருக்கிறது. ஆகவே ‘கெட் ஓல்ட்’, ‘கெட் தின்’. ‘ஸே’ ஒரு துப்பு மட்டும்தான். தீர்ப்பு மாற்றத்தின் கையில்.

இங்கே அவர்கள் செய்யும் ஒரு பெரிய தவறையும் பிடித்துவிடுங்கள். ‘டாக்டராகப் போகிறேன்’ என்பதற்கு ருமேனியத்தில் ‘ம ஃபாக் மேதிக்’ என்று சொல்லலாம். அதே ‘ஃபாச்சே’. அந்தப் பழக்கத்தில் ‘ஐ வாண்ட் டு கெட் எ டாக்டர்’ என்றால், ஆங்கிலம் கேட்பவர் பதறிப்போய் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார். பெயர்ச்சொல் வந்தால் அது உங்களிடம் வந்து சேர்கிறது என்றுதான் பொருள். டாக்டரை அழைத்து வருவது. நீங்களே டாக்டராவதற்கு ‘பிகம்’ வேண்டும். சிபியு, பிரஷோவ் பக்கம் ஜெர்மன் வழிப் பள்ளிகளில் படித்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் அவர்களுக்கு இது இன்னும் குழப்பும். ஜெர்மனில் ‘பெகோமென்’ என்றால் கிடைப்பது. ஒலியில் அது ‘பிகம்’ போலவே இருக்கும். அவர்களை மட்டும் தனியாக உட்காரவைத்து ஒரு பத்து நிமிடம் பேசுங்கள்.

பெயர்ச்சொல் வரும் ‘கெட்’டைப் பற்றி நான் நிறையச் சொல்லப் போவதில்லை. அதுதான் எல்லோருக்கும் முதலில் புரியும். கடிதம் வந்தால் ‘ப்ரிமி’, கடையில் வாங்கினால் ‘கும்பரா’, எடுத்துக்கொண்டால் ‘லுவா’, முயன்று பெற்றால் ‘ஒப்த்ஸினே’. நான்கையும் ‘கெட்’ விழுங்கிவிடும். இதில் சிக்கல் பொருளில் இல்லை, கூச்சத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ருமேனியம் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஏராளமான சொற்களை எடுத்துக்கொண்டது. ‘ஒப்த்ஸினே’, ‘தெவெனி’ (ஆவது) போன்றவை அப்படி வந்தவை. அதனால் ஆங்கிலத்தின் ‘அப்டெய்ன்’ அவர்கள் காதுக்குச் சொந்தக்காரர் குரல்போல ஒலிக்கிறது, ‘கெட்’ ஒலிப்பதில்லை. தெரிந்த முகத்தை நம்பிப் போகிறார்கள். உங்கள் நண்பர் காபியை ‘அப்டெய்ன்’ பண்ணுவதற்குக் காரணம் இதுதான். அவருக்கு ‘கெட்’ தெரியாமல் இல்லை. மின்னஞ்சலில் அப்படி எழுதினால் ஆங்கிலேயருக்கு அது அரசாங்க உத்தரவு மாதிரி படும். ‘அப்டெய்ன்’ என்பதை அனுமதி, சான்றிதழ் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காபிக்கு ‘கெட்’ போதும்.

அவர்களுக்கு ‘கெட்’டின் மேல் ஒரு நட்பு வர, அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்வேன். பழைய ஆங்கிலத்தில் அந்த வேர் தனியாகப் புழங்கவில்லை. ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ போன்ற கூட்டுச் சொற்களின் மூதாதைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. 9ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த ‘கேதா’ என்ற நார்ஸ் வினைதான் இன்றைய ‘கெட்’. ‘டேக்’, ‘தே’, ‘ஸ்கை’ எல்லாம் அவர்களோடு வந்தவைதான். அடுத்த வீட்டுக்காரர் பேச்சிலிருந்து அன்றாடச் சொற்களை எடுத்துக்கொள்வது ருமேனியருக்குப் புதிதல்ல. ‘ஆமாம்’ என்பதற்கான ‘தா’, நண்பனுக்கான ‘ப்ரியெதென்’, காதலிப்பதற்கான ‘யுபி’ எல்லாம் ஸ்லாவிய அண்டைவீட்டாரிடமிருந்து வந்தவை. ‘ப்ரிமி’யும் அப்படித்தான். ‘உங்கள் ப்ரிமி எப்படி வந்ததோ அப்படித்தான் ஆங்கிலேயரின் கெட்’ என்றால் போதும்.

இடம் வந்தால் ‘கெட்’ என்ன ஆகும்? ‘அஜுஞ்ஜே’. இதைவிடப் பொருத்தமான ஒரு சொல் ருமேனியத்தில் கிடையாது. ‘அம் அஜுன்ஸ் அகாஸ’ என்றால் வீடு வந்து சேர்ந்தேன். ‘ஐ காட் ஹோம்’. ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்பதையும் இதே வினையால்தான் கேட்பார்கள்: ‘கும் அஜுங் லா கார’. ஆங்கிலத்தில் ‘ஹவ் டு ஐ கெட் டு தி ஸ்டேஷன்’. ஸ்டேஷனுக்கு ‘டு’ உண்டு, வீட்டுக்கு ஏன் ‘டு’ இல்லை என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பதில் அவர்களிடமே இருக்கிறது. ‘அகாஸ’ என்ற சொல் ‘காஸ’ என்ற வீட்டின் முன்னால் ‘ஆ’ ஒட்டி வந்தது. லத்தீனில் ‘ஆத் காஸாம்’, வீட்டுக்கு. ‘க்கு’ உள்ளேயே இருப்பதால் மறுபடி ‘லா’ (ஆங்கில ‘டு’) போடுவதில்லை. ஆங்கில ‘ஹோம்’ அப்படி வெளியில் எதையும் காட்டாது, ஆனால் அதே போல நடந்துகொள்கிறது. ‘காட் டு ஹோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் இந்த விளக்கத்துக்குப் பிறகு அந்தத் தவறை ஒருமுறைகூடச் செய்யவில்லை.

‘அஜுஞ்ஜே’ இன்னும் ஒருபடி மேலே போகும். ஒருவரை மெல்ல மெல்ல அறிந்துகொள்வதை ‘அம் அஜுன்ஸ் ஸல் குனோஸ்க்’ என்பார்கள். அறியும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆங்கிலத்தில் ‘ஐ காட் டு நோ ஹிம்’. அப்படியே பொருந்துகிறது.

ஆனால் இந்த ‘டு’வில் ஒரு கண்ணி இருக்கிறது. இதற்கு மட்டும் ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். ‘ஐ காட் டு நோ ஹிம்’ என்பதில் வந்து சேர்தல். ‘ஐ கெட் டு கோ’ என்பதில் வாய்ப்பு, போகக் கொடுத்துவைத்திருக்கிறது. ‘ஐ’வ் காட் டு கோ’ என்பதில் கட்டாயம். போயே ஆக வேண்டும். ருமேனியத்தில் கடைசியது ‘த்ரேபுயே ஸ ப்ளெக்’. நடுவிலுள்ளதற்கு வாய்ப்பு கிடைக்கிறது என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். மேலாளர் ‘யூ கெட் டு பிரசண்ட் டுமாரோ’ என்று சந்தோஷமாகச் சொன்னதை, தன் மேல் வேலையைத் தள்ளுகிறார் என்று எடுத்துக்கொண்டு முகம் வாடிய ஒரு மாணவர் எனக்கு இருந்தார். பெருமைக்குரிய வாய்ப்பு அவர் காதில் கட்டளையாக விழுந்தது. ‘ஐ காட் டு’வுக்கும் ‘ஐ’வ் காட் டு’வுக்கும் நடுவில் ஒரே ஒரு ‘வ்’ ஒலி, அதுவும் வேகமாகப் பேசினால் காதில் விழாது. பேச்சில் அது ‘காட்டா’ என்று தேய்ந்துவிடும். காதுக்குப் பயிற்சி கொடுப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அதோடு ஒட்டியது ‘ஐ’வ் காட் எ கார்’. இங்கே அவர்களின் ‘அம்’ குறுக்கே வரும். ‘அம்’ என்றால் என்னிடம் இருக்கிறது. அதே ‘அம்’ இறந்தகாலத்துக்கும் துணைவினை. ‘அம் ஓ மஷின’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘அம் ப்ரிமீத் ஓ மஷின’ என்றால் எனக்குக் கார் கிடைத்தது. ‘ஐ’வ் காட்’ என்று கேட்டதும் அவர்கள் மனம் ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து ‘அம் ப்ரிமீத்’ என்று போய்விடுகிறது. யார் கொடுத்தார் என்று கேட்பார்கள்! ‘ஐ’வ் காட்’ இரண்டு அசையையும் ஒரே கட்டியாக எடுத்து ‘அம்’ என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அமெரிக்கர்கள் கிடைத்ததற்கும் ஆனதற்கும் ‘காட்டன்’ என்று தனி வடிவம் வைத்திருக்கிறார்கள். ‘ஐ’வ் காட்’ என்றால் இருப்பது, ‘ஐ’வ் காட்டன்’ என்றால் கிடைத்தது. படம் பார்த்து ஆங்கிலம் கற்ற ருமேனியருக்கு இந்த வேறுபாடு உண்மையில் உதவியாக இருக்கும்.

அப்படிக் கற்றவர்கள் அங்கே நிறையப் பேர். ருமேனியாவில் வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் மாற்றுவது அரிது. வசன வரிகள்தான் ஓடும். அதற்கும் முன்னால், 1980களில், சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சிக் காலத்தில் ரகசியமாகச் சுற்றிய வீடியோ கேசட்டுகளில் ஆயிரக்கணக்கான படங்களுக்கு இரினா மார்கரேதா நிஸ்டோர் என்ற ஒரே பெண் எல்லாப் பாத்திரங்களுக்கும் ருமேனியத்தில் பேசினார். நாயகனுக்கும் அவர் குரல், வில்லனுக்கும் அவர் குரல். ஒவ்வொரு ‘கெட்’டுக்கும் எந்த ருமேனிய வினை என்பதை அந்தக் கணத்திலேயே அவர் முடிவு செய்திருக்க வேண்டும். 50 வயதைத் தாண்டிய மாணவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வகுப்பின் தன்மையே மாறிவிடும்.

இனி எல்லோருக்கும் கடினமான இடம். ‘ஐ காட் மை ஹேர் கட்’. முடி வெட்டிக்கொண்டதற்கு ருமேனியர் ‘மாம் தூன்ஸ்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், என்னை நான் கத்தரித்தேன். சலூனில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டாலும் அதுதான். அதை ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால், நீங்களாகவேவா, கண்ணாடி பார்த்தா என்று கேட்பார்கள். இது தமிழருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்கிறோமே, அந்தக் ‘கொள்’ செய்கிற வேலையைத்தான் ருமேனியத்தில் ‘ம’ செய்கிறது. கத்தரி யார் கையில் இருந்தது என்பது இரண்டு மொழிக்கும் முக்கியமில்லை. முடி யாருடையது என்பதுதான் முக்கியம். ஆங்கிலம் மட்டும் கத்தரி பிடித்த கை யாருடையது என்று கேட்கிறது. ‘கெட்’டுக்குப் பின் பொருள், அதற்குப் பின் வினையின் மூன்றாம் வடிவம் வந்தால், கை வேறொருவருடையது.

கார் ரிப்பேருக்கு அவர்களிடம் இன்னொரு வழியும் உண்டு: ‘அம் தாத் மஷின லா ரெபராத்’, காரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். இது நல்ல பாலம், ஆனால் கரை வரை போகாது. கொடுத்தேன் என்றால் கார் இன்னும் மெக்கானிக்கிடம் இருக்கலாம். ‘ஐ காட் தி கார் ஃபிக்ஸ்ட்’ என்றால் சரியாகித் திரும்பி வந்துவிட்டது. ‘கெட்’டில் எப்போதும் வந்து சேர்ந்தாக வேண்டும். அலுவலகத்தில் இது பெரிய வேறுபாடு: ‘ஐ காட் த பக் ஃபிக்ஸ்ட்’ என்று ஒருவர் எழுதினால் வேலை முடிந்துவிட்டது என்றுதான் வாடிக்கையாளர் நினைப்பார்.

பொருளுக்குப் பதில் ஆள் வந்து, பின்னால் ‘டு’ வந்தால்? ‘ஐ காட் ஹிம் டு சைன்’. ருமேனியர் உடனே ‘லாம் பூஸ் ஸ செம்னேஸே’ என்பார்கள். ‘பூஸ்’ என்றால் வைத்தேன். கையெழுத்துப் போட வைத்தேன். நம் ‘வை’ துணைவினையும் அதேதான். ஆனால் ‘பூஸ்’, ‘வை’ இரண்டிலும் அதிகாரத்தின் வாடை உண்டு. ஆங்கிலத்தின் ‘மேட் ஹிம் சைன்’ பக்கம் நிற்பவை. ‘காட் ஹிம் டு’ என்பதில் பேசி, கெஞ்சி, காத்திருந்து சம்மதிக்கச் செய்த கதை இருக்கிறது. அதற்கு ‘லாம் கொன்வின்ஸ்’ (இணங்கச் செய்தேன்) பொருத்தம். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் ஆள் முரடாகத் தெரிவார், அதனால் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

‘காட் ஃபயர்ட்’ போன்றவை எளிது. ‘லாவு தாத் அஃபார’, அவனை வெளியே கொடுத்துவிட்டார்கள் என்பார்கள். அதற்கு ‘வாஸ் ஃபயர்ட்’ என்றும் சொல்லலாம், ‘காட் ஃபயர்ட்’ என்றும் சொல்லலாம். ‘காட்’ பேச்சுவழக்கு, நிகழ்ந்த அந்தக் கணத்தைக் காட்டும். அறிக்கையில் எழுத வேண்டாம். ‘கெட் அப்’, ‘கெட் ஓவர்’, ‘கெட் அலாங்’ போன்ற கூட்டு வினைகளுக்கு இந்தக் கோட்பாடு ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ‘கெட் ஓவர்’ மட்டும் ‘த்ரேச்சே பெஸ்தே’ (மேலே கடந்து போ) என்று அப்படியே பொருந்தும். மற்றவற்றை வரும்போது ஒவ்வொன்றாகப் படித்துக்கொள்ளலாம்.

‘ஐ காட் இட்’ என்பதை விட்டுவிடக் கூடாது. புரிந்தது என்பதற்கு ருமேனியர் ‘மாம் ப்ரின்ஸ்’ என்று பேச்சில் சொல்வார்கள். ‘ப்ரின்தே’ என்றால் பிடி. நமக்கும் விஷயம் பிடிபடத்தானே செய்கிறது? மூன்று மொழியிலும் அறிவு கையால் பற்றும் பொருள். இதற்கு விளக்கமே தேவையில்லை, சொன்னவுடன் தலையாட்டுவார்கள்.

ஒரு பொறி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ‘கெட்’ இல்லாவிட்டாலும் இதே குடும்பம். ருமேனியர் ‘அம் லுவாத் எக்ஸாமெனுல்’ என்றால் தேர்வில் தேறிவிட்டார்; சொல்லுக்குச் சொல் ‘எடுத்தேன்’. தேர்வு எழுதியதற்கு ‘அம் தாத்’, கொடுத்தேன். ஆங்கிலத்தின் ‘டுக் தி எக்ஸாம்’ எழுதியதை மட்டும் குறிக்கும். உங்கள் குழுவில் யாராவது ‘ஐ டுக் தி சர்டிஃபிகேஷன் எக்ஸாம்’ என்று மகிழ்ச்சியோடு சொன்னால் தேறினாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தேறியிருப்பார், பாராட்டை எதிர்பார்த்து நிற்பார்.

நடைமுறையில் நான் செய்வது இது. ஒரு தாளில் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதுவேன்: ‘இட் காட் லேட். ஐ காட் ஹங்ரி. ஐ காட் ஹோம். ஐ காட் எ கால் ஃப்ரம் மை மதர். ஐ காட் ஹர் டு கம்.’ ‘காட்’டுக்கு அடுத்த சொல்லின் கீழ் கோடு போடச் சொல்வேன். பிறகு ருமேனியத்தில் எழுதச் சொல்வேன். ‘ஸா ஃபகூத் திர்ஸியு. மி ஸா ஃபகூத் ஃப்வாமே. அம் அஜுன்ஸ் அகாஸ. அம் ப்ரிமீத் உன் தெலெஃபோன் தெ லா மாமா. அம் கொன்வின்ஸோ ஸ வின.’ ஒரே ‘காட்’டுக்கு நான்கு வினைகள். பிறகு தாளைத் திருப்பிவைத்து, ருமேனியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வாயால் சொல்லச் சொல்வேன். அடுத்த நாள் அவர்களே தங்கள் மாலைப் பொழுதைப் பற்றி அப்படி ஐந்து வாக்கியம் கொண்டுவர வேண்டும். முடி வெட்டிக்கொண்ட வாக்கியத்தை இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கொண்டுவந்தால் மற்றவையும் சேர்ந்து குழம்பும்.